ஒரு காது ஏரிக்கு

வியாழன், மாலை

குதிரை தண்ணீர் குடிக்கும்போது அதன் காது ஆடுகிறது. ஒரு மடக்குக்கு ஓர் ஆட்டம். அறுபத்து மூன்று வயதில் இதை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். வாளியை நான்தான் பிடித்திருந்தேன். வெள்ளச்சி உதட்டைத் தண்ணீரில் பட்டும் படாமலும் வைத்து உறிஞ்சினாள். மாடு குடித்தால் கேட்கும். இவள் குடிப்பது கேட்கவே இல்லை. கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறிப் போவது மட்டும் தெரிந்தது. ஏறும்போதெல்லாம் காதுகள் பின்னே போய் முன்னே வந்தன. முப்பத்தேழு வரை எண்ணினேன். அதன் பிறகு தலையைத் தூக்கி, வாயில் மிச்சமிருந்ததை என் தோளில் ஒழுகவிட்டாள்.

"இன்னொரு வாளி வேணும் சின்னம்மா" என்றான் அக்கா மகன்.

ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் வேண்டும். இந்த வெயிலுக்கு அதற்கு மேலும் கேட்கும். எங்களிடம் இருப்பது இரண்டு குதிரைகள். ஏரிக் கரையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளிக் கட்டியிருக்கிறான். பக்கத்திலேயே கட்டினால் என் இடுப்பு பிழைக்குமே என்றேன். லத்தியும் மூத்திரமும் தண்ணீரில் இறங்கிவிடும், குளம்பு பட்டுக் கரை இடிந்துவிடும் என்றான். அமெரிக்காவில் குதிரையோடு காட்டில் கூடாரம் போடுகிறவர்கள் ஏரிக்கும் குதிரைக்கும் நடுவே 200 அடி விடுவார்களாம். அந்தக் கணக்கைத்தான் இவன் இங்கே காலடியால் அளந்து வைத்திருக்கிறான். எழுபது காலடி வந்ததும் "போதும்" என்றவன், கொஞ்சம் யோசித்து இன்னும் பத்து நடந்தான்.

நான் வளர்ந்த தோட்டத்தில் பொதுக்குழாய் எங்கள் லயத்திலிருந்து ஏறக்குறைய இந்தத் தூரம்தான் இருக்கும். வாளியை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எங்கே மாற்ற வேண்டும் என்று உடம்பு இன்னும் மறக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் சாக்குக்கட்டி பிடித்தும் அது போகவில்லை.

*

இது செண்டரோ ஏரி. ஏரி என்கிறோமே தவிர, இது பேராக் ஆறுதான். 1930-இல் அணை கட்டி நிறுத்தியதில் அகன்றுபோன ஆறு. இதற்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று இன்னும் மூன்று அணைகள் இருக்கின்றன. ஆற்றில் கடைசி அணை இது, வயதில் மூத்ததும் இதுதான். இங்கிருந்து விடுபடும் தண்ணீர் குவாலா கங்சார் போய், தெலுக் இந்தான் போய், எங்கள் பாகான் டத்தோவில் கடலோடு சேர்கிறது.

வாழ்நாள் முழுதும் ஆற்றின் வாயில் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் அதன் தொண்டையைப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் மேலேயிருந்து வரும், இல்லையென்றால் கடலிலிருந்து வரும். மேலேயிருந்து வருவதைத் தகரக் கூரையில் பிடித்துத் தொட்டியில் சேர்ப்போம். கடலிலிருந்து வருவதை மண்ணணை போட்டுத் தடுப்போம். கிணறு வெட்டினால் உப்புக் கரிக்கும். சும்மா கிடக்கிற, அசையாத, குடிக்கலாம் போலிருக்கிற தண்ணீரை நான் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகப் படத்தில்தான் காட்டியிருக்கிறேன்.

ஆகாயத்தாமரை ஒரு தீவு போல ஒதுங்கி நிற்கிறது. மலாய்க்காரர் ஒருவர் படகில் வலை எடுக்கிறார். வரும் வழியில் லெங்கோங் கடைகளில் பெக்காசாம் வாங்கினோம். அரிசி வறுத்துப் போட்டுப் புளிக்க வைத்த ஆற்று மீன். வண்டி முழுக்க அதன் வாசம். குதிரை அதை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டிக் காட்டியது. கருவாடு பிடிக்காத மருமகள் செய்வது போலவே இருந்தது.

*

அக்கா மகன் ஈப்போவில் குதிரைகளோடு வேலை செய்கிறான். இருபது வருடமாக. அவனைச் சைஸ் என்பார்கள். அந்தச் சொல்லை அவன் விரும்பவில்லை, ஆனால் வேறு சொல்லும் அவனிடம் இல்லை. "குதிரைப் பாகன்னு சொல்லேன்" என்றேன். "ஈப்போவுல யாருக்குப் புரியும் சின்னம்மா" என்றான்.

வந்திருக்கும் குதிரைகள் இரண்டும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. ஆண் குதிரை சிங்கப்பூரில் ஓடியவன். அங்கே 1843-இல் தொடங்கிய பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ஓட்டத்தோடு முடிந்துபோனது. அந்த நிலத்தில் வீடு கட்டப் போகிறார்கள். பந்தயப் பதிவேட்டில் அவனுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கிறது. அக்கா மகன் வைத்திருக்கும் பெயர் பெரியவன். வெள்ளச்சி நான் வைத்தது, இன்று மதியம்.

குதிரை 25 வருடம், சிலது 30 வருடம்கூட இருக்கும். ஓடுவது எட்டு, ஒன்பது வயது வரைக்கும்தான். மிச்சத்தை என்ன செய்வது என்பதற்கு அவனிடம் பதில் இல்லை. இந்த இரண்டையும் பந்தயம் இல்லாத இடத்தில் பழக்கிப் பார்க்கிறான். சிறு பிள்ளைகள் ஏறலாமா, காட்டுச் சத்தத்துக்கு மிரளாதா, இரவில் கயிற்றில் நிற்குமா என்றெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. என்னை ஏன் கூட்டி வந்தான் என்று கேட்டேன். "நீங்கதான் தூங்க மாட்டீங்களே" என்றான்.

வியாழன், இரவு

கயிறு கட்டும் விதத்தை எழுதிவைக்கிறேன். இதில் இவ்வளவு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குதிரையை மரத்தில் கட்டக் கூடாது. கட்டினால் பட்டையைக் கடித்து உரிக்கும், சலிப்பில் முன்காலால் தோண்டி வேரை வெளியே எடுக்கும், சுற்றிச் சுற்றி வந்து தன்னையே மரத்தோடு இறுக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் தலைக்கு மேலே, ஒரு கயிற்றைக் கொடி போல விறைப்பாக இழுத்துக் கட்டுகிறான். மரத்தைக் கயிறு அறுக்காமல் இருக்க, அது படும் இடத்தில் நான்கு விரல் அகல வார். கொடிக்கயிற்றில் இரண்டு வளையம். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஒரு குதிரை தொங்குகிறது என்று சொல்லலாம். மூக்கு தரையிலிருக்கும் புல்லைத் தொட வேண்டும், ஆனால் கால் கயிற்றைத் தாண்டக் கூடாது. அந்த நீளத்துக்கு நான்கு முறை அவிழ்த்துக் கட்டினான்.

முடிச்சை என்னிடம் கொடுத்துப் போடச் சொன்னான். பிடித்து இழுக்க இழுக்க இறுகும். தொங்கும் நுனியை மட்டும் சுண்டினால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

"இறுக்கிக் கட்டுறது எல்லாருக்கும் வரும் டீச்சர்" என்றான். கேலி செய்யும்போது மட்டும் நான் அவனுக்கு டீச்சர்.

*

இரவு பதினொன்று. கூடாரத்துக்கு வெளியே மடக்கு நாற்காலி. அடுப்பை அணைத்தாயிற்று. கேட்பதெல்லாம் மெல்லும் சத்தம்தான். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, ஆகவே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். தின்றதை வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. உள்ளே போனது போனதுதான். வயிற்றில் வலி வந்துவிட்டால் உயிரே போகலாம் என்று இவன் பயப்படுவது அதனால்தான். சாயங்காலம் வந்து இறங்கியதும் அவன் செய்த முதல் வேலை, கொடிக்குக் கீழே கிடந்த கித்தாக் கொட்டைகளை, ரப்பர் கொட்டைகளை, பொறுக்கியது. கரையோரமாகப் பழைய பால்மரங்கள், யாரோ கைவிட்ட சிறுதோட்டம். கொட்டையில் நஞ்சு இருக்கிறது. நாங்கள் சிறு வயதில் அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவள் தொடையில் வைத்தோமே, அதே கொட்டைதான். இரண்டு பேரும் குனிந்து ஒரு சாக்குப் பை நிறையப் பொறுக்கினோம். சின்ன வயதில் பொறுக்கச் சொன்னால் ஒளிந்துகொண்டிருப்பேன்.

கைவிளக்கை அடித்தால் கண்கள் பச்சையும் நீலமுமாகத் திரும்பிப் பார்க்கின்றன. அணைத்துவிட்டேன். பழகியதும் இருட்டிலேயே தெரிகிறது: வெள்ளச்சி நிற்கிறாள். ஒரு காது ஏரிப் பக்கம். மற்றொன்று என் பக்கம். நான் பேனாவைக் கீழே வைத்தால் இந்தக் காது சற்று அசைகிறது. படகுத் துடுப்பு சத்தம் வந்தால் அந்தக் காது. இரண்டும் ஒரே பக்கம் திரும்பவே இல்லை.

*

தாத்தா அறந்தாங்கிப் பக்கம். 1930-களில் ரஜூலா கப்பலில் வந்து பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில் சேர்ந்தார். அவருடைய ஊருக்குப் பக்கத்தில்தான் ஆவுடையார்கோவில், திருப்பெருந்துறை. குதிரை என்ற பேச்சு எடுத்தாலே மாணிக்கவாசகரில் போய் நிற்பார்.

கதை எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மந்திரி கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவன் நரிகளைக் குதிரையாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். தாத்தா மந்திரி பட்ட பாட்டையோ சாமியின் பெருமையையோ சொல்லமாட்டார். அவருக்குப் பிடித்தது அதற்கப்புறம் வரும் இரவு. லாயத்தில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வந்த குதிரைகள் ஒவ்வொன்றாக நரியாகின்றன. ஊளையிடுகின்றன. ஏற்கெனவே கட்டியிருந்த நிஜக் குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. "அந்தப் பழைய குதிரைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்புவார். அதுதான் அவருடைய கதைக்கு முடிவு. எனக்குத் தெரிந்து அந்தப் பழைய குதிரைகளுக்காக வருந்திய ஒரே மனிதர்.

தமிழ்நாட்டுக்குக் குதிரை பெரும்பாலும் கடல் வழியாக வந்த பொருள்தான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கும் சரக்குகளில் அதுவும் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், வளர்க்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள், மறு வருடம் மறுபடி வாங்குகிறார்கள் என்று எழுதிவைத்தார். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் வெயிலும் ஈரமும் குதிரையை என்ன செய்யும் என்று நாளை மதியம் நானே பார்ப்பேன் என்று அக்கா மகன் சொல்கிறான்.

*

மணி இரண்டே கால். பெரியவன் நின்றபடியே தூங்குகிறான். ஒரு பின்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றியிருக்கிறான். மற்றப் பின்காலின் மூட்டு பூட்டிக்கொள்ளுமாம், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது போல. அதன்பின் நிற்பதற்குத் தசையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கீழுதடு தொங்குகிறது. குதிரை ஒரு நாளைக்கு மொத்தமாக மூன்று மணி நேரம்தான் தூங்கும், அதுவும் துண்டு துண்டாக. ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் படுத்தாக வேண்டும். பக்கத்தில் இன்னொன்று நின்று பார்த்துக்கொள்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் படுக்காது.

இந்த இரண்டும் இன்னும் படுக்கவில்லை.

"காவலுக்கு நிக்குதுங்களா?" என்று கேட்டேன். அவன் கூடாரத்துக்குள்ளிருந்து, தூக்கக் கலக்கத்தில், "காவலாவது ஒண்ணாவது சின்னம்மா. பயம்" என்றான்.

வெள்ளி, மதியம்

சொன்னபடியே ஆயிற்று.

பதினொரு மணிக்குக் காற்று நின்றது. பெரியவன் உடம்பெல்லாம் வியர்வை. கழுத்தில் நுரை கட்டியிருந்தது. வெள்ளச்சியைத் தொட்டேன். காய்ந்த துணி போல இருந்தாள். தோல் மட்டும் கொதித்தது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து மூடின. அவளுக்கு வியர்ப்பதில்லை. குளிர் நாட்டிலிருந்து வரும் குதிரைகள் சிலவற்றுக்கு இந்தச் சூடும் ஈரமும் சில மாதமோ சில வருடமோ பட்டபின் வியர்வைச் சுரப்பி நின்றுபோகிறது. வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் பந்தயக் குதிரைகளைக் கொண்டுவந்த காலத்திலேயே இதைக் கண்டிருக்கிறார்கள். லாயத்தில் இதை டிரை கோட் என்பார்கள். சரியான மருந்து கிடையாது. நிழலும் தண்ணீரும் காற்றும்தான்.

வாளி வாளியாக ஊற்றினோம். ஊற்றியதை உடனே பலகையால் வழித்துவிட வேண்டும் என்றான். நான் ஊற்றினேன், அவன் வழித்தான். பதினெட்டு வாளி. கடைசியில் மூச்சு இறங்கியது. என்னுடையதும்.

1879-இல் இசபெல்லா பேர்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி இதே பேராக்கில் யானைமேல் ஏறிக் குவாலா கங்சாருக்குப் போனார். போயும் போயும் யானையில் ஏன் என்று முன்பு நினைத்ததுண்டு. இன்று நினைக்கவில்லை.

*

மூன்று மணி வாக்கில் ஒரு காய் வெடித்தது.

கித்தாக் காய் வெயிலில் வெடிக்கும் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. ஆடி, ஆவணி மாதங்களில் பால்மரத் தோட்டங்களில் இருந்த எங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனால் மதியத் தூக்கமெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். டப்பென்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இலைமேல் கொட்டை விழும் சத்தம். எனக்கு அது வீட்டுச் சத்தம். சிங்கப்பூரில் பல்லாயிரம் பேர் கூச்சலிட அதன் நடுவே ஓடிய பெரியவனுக்கு அது புலி.

ஒரே எகிறு. முன்கால் இரண்டும் என் முகத்துக்கு நேரே இருந்தன. கொடிக்கயிறு வில்லாக வளைந்தது, மரத்திலிருந்து காய்ந்த இலையெல்லாம் கொட்டியது. கயிற்றுக்குள் ஒரு கால் போய்விட்டது. அக்கா மகன் ஏரியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். எண்பது காலடித் தூரம்.

நுனியைச் சுண்டினேன். அவிழ்ந்தது.

யோசித்துச் செய்ததாக எழுத ஆசைதான். கை செய்தது. அவிழ்ந்த குதிரை ஓடியே போய்விடும் என்று நினைத்தேன். பத்தடி ஓடியது, வட்டமடித்தது, வெள்ளச்சியின் விலாவோடு விலா ஒட்டி நின்றுகொண்டது. நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் புல் தின்பதை நிறுத்தவே இல்லை.

வந்தவன் முதலில் குதிரையின் கால்களைத் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சின்னம்மா, முடிச்சு நீங்க போட்டதா நான் போட்டதா?" என்று கேட்டான். நான் போட்டதுதான்.

வெள்ளி, இரவு

தாத்தாவுக்குத் தோட்டத்தில் ஜாகா வேலை. கொப்பரைக் கொட்டகைக்கு இரவுக் காவல். ஒரு தடி, ஓர் அரிக்கன் விளக்கு, மழைக்குத் தலையில் ஒரு சாக்கு. சூளை அணையாமல் இருக்கிறதா, தீ கூடிப் போகிறதா என்றும் அவர்தான் பார்க்க வேண்டும். விடியற்காலை ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்கும்வரை உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார், தூங்கினால் கிராணி பேரைக் கிழித்துவிடுவார். அதனால் சூளைச் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து, ஒரு காலைத் தளர்த்தி நின்றுகொண்டே தூங்குவார். கடைசிக் காலத்தில் வீட்டிலும் அப்படித்தான் சுவரில் சாய்ந்து நிற்பார். கட்டில் இருக்கிறதே என்று அம்மா சத்தம் போடுவாள்.

இரவெல்லாம் பாடிக்கொண்டே கொட்டகையைச் சுற்றுவார். லயம் வரை கேட்கும். திருடனை விரட்டத்தான் பாடுகிறார் என்று நாங்கள் பெருமையாக இருப்போம். "திருடனையா? பயத்துல பாடுறாரு" என்று பாட்டி பாயில் புரண்டு படுப்பாள். ஆனால் பாட்டு நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

*

தாத்தாவின் ஊரில் ஐயனார் ஏரிக்கரையில் இருப்பார். ஏரி உடைந்தால் ஊர் போய்விடும், ஆகவே சாமி கரையில் குதிரையோடு காவல். புதுக்கோட்டைப் பக்கத்தில் புரவி எடுப்பு என்றால் ஊரே கூடும். கிராமத்தார் வேளார் கையில் பிடிமண் கொடுப்பார்கள். அந்த மண்ணில் தொடங்கிக் குதிரை செய்து, சுட்டு, தூக்கிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்துவார்கள். மழையில் அது கரையும், உடையும். அடுத்த முறை புதிது வரும். குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட ஐயனார் முன்னால் 33 அடி உயரத்தில் ஒரு குதிரை நிற்கிறது. மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலையில் அந்தக் குதிரையே மறைந்துபோகும். உயிருள்ள குதிரைகள் கூடுவது அந்தியூரில். ஆடி மாதக் குருநாதசாமி திருவிழாவில். கத்தியவார், மார்வாரி என்று எங்கிருந்தெல்லாமோ கொண்டுவந்து கட்டிப்போட்டு, மனிதர்களும் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்களாம். திப்பு சுல்தான் தன் படைக்கு அங்கேதான் குதிரை வாங்கினார் என்பது அந்த ஊர்ப் பேச்சு. அக்கா மகனுக்கு ஒரு முறை போக வேண்டும்.

தாத்தா காலத்து ஆட்கள் பாகான் டத்தோவில் சாமி வைக்க நினைத்தபோது அங்கே ஏரியும் இல்லை, வேளாரும் இல்லை. ஏரிக்கரைக்குப் பதில் பாரிட்டு என்கிற வாய்க்காலின் கரை. கடல் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் மதகுக்குப் பக்கத்தில் முனியாண்டியை வைத்தார்கள். உடைந்தால் தோட்டம் போய்விடும் என்கிற கணக்கு அங்கேயும் சரியாகத்தான் வந்தது. குதிரை வேண்டுமே? மதகு கட்டிய கொத்தனாரையே பிடித்தார்கள். அவர் மாடு கட்டியிருக்கிறார், சிங்கம் கட்டியிருக்கிறார், குதிரை கட்டியதில்லை. தோட்டத்தில் பார்த்து அளவெடுக்க ஒரே குதிரை பெரிய துரையுடையது. அதன் கிட்டே யார் போவது? தூரத்திலிருந்து பார்த்துக் கட்டினார். கழுத்து ஆட்டுக்கழுத்தாக வந்துவிட்டது. கண்ணுக்குப் பச்சைக் கோலிக்குண்டு. "தொரைக்கு ஒரு குதிரை இருந்தா நமக்கும் ஒண்ணு இருக்கட்டுமே" என்று பாட்டி சொன்னதாக அம்மா சொல்வாள். துரையின் குதிரை என்ன ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை.

*

மூன்று மணி பத்து நிமிடம். வெள்ளச்சி படுத்துவிட்டாள்.

முதலில் முன்காலால் தரையைப் பிறாண்டினாள். முட்டி மடக்கினாள். பெரிய வீடு ஒன்று மெல்ல இறங்குவது போல இறங்கினாள். கயிறு தளர்ந்து அவள் கழுத்தோடு கிடக்கிறது. நீளம் போதுமா என்று பயந்து அக்கா மகன் எழுந்து வந்தான், போதும் என்று தலையாட்டிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவளுடைய மூச்சு நீண்டது. ஒரு கால் துடித்தது. கனவு காண்கிறாள் என்றான். எதை? "பந்தயமா இருக்காது. பந்தயம் மனுஷன் காணுற கனவு."

பெரியவன் அவள் பக்கத்தில் நிற்கிறான். மதியம் ஒரு காய் வெடித்ததற்கு நடுங்கியவன். ஒரு காது ஏரிக்கு, ஒரு காது எங்களுக்கு. தூரத்தில் ஏதோ தண்ணீரில் விழுந்தது. அவன் உடம்பு முழுதும் ஒரு சிலிர்ப்பு ஓடியது, நகரவில்லை.

நாங்கள் பேசவில்லை. இருபது நிமிடம் இருக்கும். அதன் பிறகு அவள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டாள். பெரியவன் கீழுதட்டைத் தொங்கவிட்டான்.

சனி, காலை

லத்தியை ஓரிடத்தில் விடாமல் கம்பியால் வாரி, உதிர்த்து, வெயில் படும்படி பரப்பினோம். குவியலாகக் கிடந்தால் ஈ வரும். ஈ என்றால் குதிரைக்காரர்களுக்குச் சாதாரணம் இல்லை. சுர்ரா என்கிற இரத்த நோயை அது ஒரு மிருகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்பவர் பஞ்சாபில் செத்துக்கொண்டிருந்த குதிரைகளின் இரத்தத்தில் அந்தக் கிருமியைக் கண்டார். ஆனால் அதைப் பெரும்பாலும் பரப்புவது கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய மாட்டு ஈ. லத்தியில் மொய்ப்பது வேறு ஈ. இதைச் சொன்னால் அக்கா மகன் கேட்பதில்லை. ஈ என்றால் ஈதான் அவனுக்கு.

குளம்பு கிளறிய மண்ணைக் காலால் தள்ளிச் சமன்படுத்தி, மேலே சருகைப் போட்டான். மரத்திலிருந்து வாரைக் கழற்றினான். பட்டையில் தழும்பு இல்லை. யாரும் இங்கே குதிரை கட்டியதாகச் சொல்ல முடியாது.

வண்டியில் ஏற வெள்ளச்சி மறுத்தாள். பெரியவன் முதலில் ஏறியதும் ஏறிக்கொண்டாள்.

செவ்வாய், பாகான் டத்தோ

இன்றைக்கு முனியாண்டி கோயிலுக்குப் போனேன். தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, எல்லோரும் தாமான் குடியிருப்புக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. தென்னை போய்ச் செம்பனை வந்துவிட்டது. கோயில் மட்டும் மதகோரத்தில் இருக்கிறது. கடல் ஏறும் நேரம். மதகுப் பலகைக்கு வெளியே தண்ணீர் பழுப்பாக உயர்ந்துகொண்டிருந்தது. உள்ளே பாரிட்டில் அசைவில்லை. வெளியே நிற்கும் அந்தத் தண்ணீரில் செண்டரோ தண்ணீரும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

திருவிழாவுக்காகச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். குதிரைக்குப் புது வெள்ளை, ஆட்டுக்கழுத்து அப்படியே. ஒரு கோலிக்குண்டு எப்போதோ விழுந்துபோய், அந்தக் குழியில் குளவி கூடு கட்டியிருந்தது. போன மழையில் செம்பனை மட்டை ஒன்று விழுந்து இடது காதை உடைத்திருக்கிறது. முழுதும் விழவில்லை. உள்ளே இருக்கும் கம்பியில் பின்பக்கமாகத் திரும்பித் தொங்குகிறது. வலது காது கொத்தனார் வைத்தபடி மதகைப் பார்க்கிறது. இடது காது கோயிலுக்கு முன்னால் சனங்கள் உட்காரும் இடத்தைப் பார்க்கிறது.

சாயம் பூசுகிற பையன் என்னிடம் படித்தவன். சிமெண்டு குழைத்து வைத்திருந்தான்.

"காதை நிமித்தி வச்சிட்டா முடிஞ்சுது டீச்சர்."

"வேணாம்பா. அப்படியே விட்டுட்டு மேல வெள்ளை மட்டும் அடி."

"உடைஞ்சிருக்கே டீச்சர்?"

"கம்பி பலமா இருக்கா பாரு."

ஏணியில் ஏறி ஆட்டிப் பார்த்தான். பலமாகத்தான் இருக்கிறது என்றான்.